எதிரி எங்கே என்று கைபேசிக்குத் தெரியும்

ஒன்லைன் விளையாட்டில் கள்ளாட்டத்துக்கு இடம் கிடைப்பது தூரத்தால். கற்பிட்டியில் இருக்கும் ஒருவர் பப்ஜி மொபைல் என்ற சுடும் விளையாட்டில் துப்பாக்கி விசையை அழுத்தினால், அந்தச் செய்தி பக்கத்துக் கோபுரத்தில் ஏறி, கொழும்புக்கு வந்து, கடலடிக் கேபிளில் இறங்கி, சிங்கப்பூர் போன்ற ஓர் இடத்திலுள்ள சேர்வரைப் போய்ச் சேர வேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் போனாலும் போய்வர 27 மில்லி செக்கன் ஆகிவிடும். கோபுரமும் இடைவழிக் கருவிகளும் தங்கள் பங்குக்கு எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். விளையாடுபவர்கள் 'பிங்' என்று சொல்லி அலுத்துக்கொள்வது இந்த நேரத்தைத்தான்.

ஒவ்வோர் அசைவுக்கும் சேர்வரின் பதில் வரும்வரை காத்திருந்தால் ஆட்டம் தடக்கித் தடக்கித்தான் நகரும். அதனால் விளையாட்டை எழுதுபவர்கள் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் எதிரி நிற்கும் இடத்தையும் சேர்வர் முன்கூட்டியே கைபேசிக்கு அனுப்பிவிடுகிறது. எதிரி வெளியே தலையை நீட்டும் கணத்தில் அவரைத் தாமதமின்றித் திரையில் வரைவதற்கு அது வேண்டும். அந்தக் கணம் வரும்வரை கைபேசி விடயத்தை அறிந்திருந்தும் காட்டாமல் வைத்திருக்கிறது. நினைவகத்தில் இருக்கும் அந்த இரகசியத்தை எடுத்துத் திரையில் போட்டுக் காட்டுவது 'வோல்ஹக்'. அதே இடத் தகவலைக் கொண்டு துப்பாக்கியின் குறியைத் தானாகவே எதிரியின் தலையில் கொண்டுபோய் வைப்பது 'எயிம்பொட்'. பெயர் தெரியாத எத்தனையோ கள்ளங்கள் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள்.

கள்ளாட்டத் தடுப்பு மென்பொருளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பது இங்கேயே தெரிந்துவிடும். யாரிடமிருந்து பொருளை ஒளிக்க வேண்டுமோ அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே அதை வைத்துவிட்டு, அவர் கையை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வேலை அது. கணினியும் அவருடையது, கைபேசியும் அவருடையது. காவலுக்கு வந்த மென்பொருள்தான் அங்கே விருந்தாளி.

இந்தக் காவல் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிறது. 2000 ஆம் ஆண்டில் 'பங்க்பஸ்டர்' வந்தது. 2002 இல் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டுக்காக 'வாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தடுப்பைக் கொண்டுவந்தது. 2004 இல் ஜேர்மனியிலிருந்து 'பேட்டில்ஐ' வந்தது. இவற்றின் அடிப்படை வேலைமுறை வைரஸ் தடுப்பு மென்பொருளின் வேலைமுறைதான். ஏற்கெனவே பிடிபட்ட கள்ளநிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தில் அவை இருக்கின்றனவா என்று தேடுவது. பட்டியலில் இருப்பது சிக்கும், இல்லாதது தப்பும். நிரலில் நாலு வரியை மாற்றி எழுதினால் பழைய அடையாளம் பொருந்தாது.

இதனால்தான் வாக் பெரும்பாலும் பிடித்த உடனே தண்டிப்பதில்லை. கள்ளநிரல் கண்ணில் பட்டாலும் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு, நாட்களோ வாரங்களோ கழித்து மொத்தமாகத் தடை செய்யும். உடனே தடை விழுந்தால் நிரலை விற்றவருக்கு எந்த மாற்றத்தால் சிக்கினோம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தாமதித்தால் அவர் இருட்டில் தடவ வேண்டும். உத்தியாக இது சரிதான். ஆனால் அந்த இடைவெளி முழுவதும் நேர்மையாக விளையாடுபவர் கள்ளரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த பாய்ச்சல் கணினியின் அடித்தளத்துக்குள் நடந்தது. விண்டோஸ் இயங்குதளத்தின் உள்ளறைக்குக் 'கேர்னல்' என்று பெயர். சாதாரண நிரல்கள் வெளி முற்றத்தில் நிற்பவை. கேர்னலுக்குள் இருக்கும் நிரல் எல்லாருடைய பெட்டியையும் திறந்து பார்க்கலாம். கள்ளநிரல் எழுதுபவர்கள் முதலில் அங்கே குடியேறினார்கள். முற்றத்தில் நின்ற காவலரால் அவர்களைக் காண முடியவில்லை. அதனால் காவலும் உள்ளே போனது. 2020 ஏப்ரலில் ரயட் நிறுவனம் வெலோரண்ட் விளையாட்டோடு வெளியிட்ட 'வன்கார்ட்' இன்னும் ஒரு படி தாண்டியது. கணினியை இயக்கிய நிமிடத்திலேயே அதன் ஒரு பகுதி விழித்துக்கொள்ளும். விளையாட்டைத் திறக்காத நாளிலும் அது விழித்தே இருக்கும். முன்னாலேயே உட்கார்ந்திருப்பவரை ஏமாற்றி உள்ளே நுழைவது கடினம் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கான சான்றைத் தடை எண்ணிக்கையில் தேடக் கூடாது. நிறுவனங்கள் அறிவிக்கும் எண்கள் பெரியவை. பேட்டில்ஐ 2018 ஜனவரி மாதத்தில் மட்டும் பப்ஜியில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் 2020 ஓகஸ்ட் மாதத்தின் ஒரே வாரத்தில் 22 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளை நிரந்தரமாக நீக்கியது. இந்த எண்ணைக் காவலின் வெற்றியாகவும் படிக்கலாம், அத்தனை கள்ளர் உள்ளே இருந்ததற்கான ஒப்புதலாகவும் படிக்கலாம். இலவச விளையாட்டில் ஒரு கணக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்றைத் தொடங்கலாம் என்பதால், ஒரே ஆள் பல முறை எண்ணப்படவும் இடமுண்டு. எத்தனை பேர் பிடிபடாமல் போனார்கள் என்பதை இந்த எண் சொல்லாது.

இதைவிட நம்பத்தக்க அளவுகோல் சந்தை விலை. பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கள்ளநிரல் விற்கும் 80 தளங்களைத் தொடர்ந்து கவனித்து, எந்த விளையாட்டுக்கு என்ன விலை என்று பார்த்தார்கள். தடுப்பு உறுதியாக இருக்கும் விளையாட்டுக்குக் கள்ளநிரல் விலை கூட, நிரல் வேலை செய்யாமல் கிடக்கும் நாட்களும் கூட. தடுப்பு பலவீனமான இடத்தில் விலை குறைவு. உறுதியானவற்றில் வெலோரண்டும் ஃபோர்ட்நைட்டும் முன்னே நின்றன. வாக்கை நம்பியிருக்கும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பின்னே நின்றது. அந்தத் தளங்களின் ஆண்டு வருமானம் 12.8 மில்லியன் டொலருக்கும் 73.2 மில்லியன் டொலருக்கும் இடையில் இருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். தடுப்பு மென்பொருள் கள்ளாட்டத்தை ஒழிக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்குக்குக் கள்ளம் செய்து பார்க்க நினைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு எட்டாத விலைக்கு அதைக் கொண்டுபோய்விட்டது. பெரும்பாலான ஆட்டங்கள் ஓரளவு நேர்மையாக நடப்பது இந்த விலையேற்றத்தால்தான்.

இதற்கு நேர்மையாளர் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. உள்ளறைச் சாவியை வாங்கிக்கொண்டவர் எப்போதும் நல்லவராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2013 ஏப்ரலில் ஈஎஸ்ஈஏ என்ற அமெரிக்கப் போட்டிச் சேவையின் தடுப்பு மென்பொருளுக்குள் பிட்கொயின் தோண்டும் நிரல் இருந்தது வெளியானது. சுமார் 14,000 கணினிகள் உரியவருக்குத் தெரியாமல் யாருக்கோ உழைத்திருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்துடன் அந்த நிறுவனம் ஒரு மில்லியன் டொலர் தொகைக்குச் சமரசம் செய்தது. எண்ணம் நல்லதாக இருந்தாலும் வேலை ஓட்டையாக இருக்கலாம். 2022 இல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் தடுப்புக் கோப்பை, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளில் கொண்டுபோய்ப் போட்டு, அதன் அதிகாரத்தால் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டுக் கப்பம் கேட்கும் கும்பல் வேலை செய்ததை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டுபிடித்தது. ஊரைக் காக்கச் செய்த சாவி ஊருக்குப் புறத்தே இருந்தவன் கையில் கிடைத்த கதை அது.

தவறான தண்டனை இன்னொரு விலை. 2010 ஜூலையில் வாக் சுமார் 12,000 கால் ஒஃப் டியூட்டி விளையாட்டாளர்களைக் குற்றமின்றித் தடை செய்தது. வால்வ் தலைவர் கேப் நியூவல் தவறை ஒப்புக்கொண்டு, தடையை நீக்கி, ஆளுக்கொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார். 2023 ஒக்டோபரில் நடந்தது இன்னும் வேதனையானது. ஏஎம்டி நிறுவனம் தனது கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு, ஆட்டத்தின் தாமதத்தைக் குறைக்கும் ஒரு வசதியைக் கொடுத்தது. அது விளையாட்டின் நினைவகத்தில் கை வைத்து வேலை செய்ததால் வாக் அதைக் கள்ளநிரல் என்றே நம்பிவிட்டது. தங்கள் அட்டையில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தியதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்கள் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஏஎம்டி அந்தப் பதிப்பை மீளப் பெற்றது. வால்வ் தடைகளை நீக்கியது. இந்த இரண்டு சம்பவங்களிலும் பலர் ஒன்றாகப் பாதிக்கப்பட்டார்கள், திருத்தமும் வந்தது. தனியொருவருக்குத் தவறான தடை விழுந்தால் அவருடைய முறைப்பாட்டுக்கு நியாயம் கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல. தடுப்பு மென்பொருள் தன் சாட்சியத்தை வெளியே காட்டுவதில்லை. காட்டினால் கள்ளநிரல் எழுதுபவரும் படித்துக்கொள்வார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

தெற்காசியாவில் இந்த விடயத்தை வீட்டுக்கு வீடு பேசவைத்த சம்பவம் 2018 ஒக்டோபர் 19 அன்று சீனாவின் ஷங்ஹாய் நகரில் நடந்தது. எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் என்ற ஆசியக் கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி. மொத்தப் பரிசு ஓர் இலட்சம் டொலர். ஒப்டிக் இந்தியா அணி வியட்நாமின் ரெவலூஷன் அணியோடு மோதிக்கொண்டிருந்தது. இது வீட்டிலிருந்து ஆடும் ஆட்டமல்ல. மண்டபத்தில், நடுவர்கள் முன்னிலையில், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஆடிய ஆட்டம். இடையில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஒரு நடுவர் 'ஃபோர்சேக்கன்' என்ற பெயரில் விளையாடிய இந்திய வீரரின் மேசைக்கு வந்தார். கணினியைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த வீரர் எழுந்து இடம் கொடுக்கவில்லை. மௌஸை விடாமல் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த ஒரு கோப்பை மூடவும் அழிக்கவும் அவசரப்பட்டார். நடுவரின் கை ஒரு பக்கம், அவருடைய கை ஒரு பக்கம். இதெல்லாம் வீடியோவில் பதிவாகி உலகம் முழுக்கப் பரவியது.

அவர் அழிக்க முயன்ற கள்ளநிரல் கோப்பின் பெயர் 'வேர்ட் டொட் ஈஎக்ஸ்ஈ'. கந்தோர்களில் கடிதம் அடிக்கும் மைக்ரோசொஃப்ட் வேர்ட் மாதிரித் தோன்றட்டும் என்று வைத்த பெயர். உண்மையான வேர்டின் இயங்கு கோப்புக்கு அந்தப் பெயர்கூட இல்லை, அது 'வின்வேர்ட்'. அணி அந்த இடத்திலேயே நீக்கப்பட்டது. ஒப்டிக் நிறுவனம் தன் இந்திய அணியையே கலைத்துவிட்டது. கள்ளத்தில் பங்கில்லாத நான்கு சக வீரர்களின் பிழைப்பும் அதோடு போனது. இணைய விளையாட்டு நேர்மை அமைப்பான ஈசிக் அந்த வீரருக்கு ஐந்து ஆண்டுத் தடை விதித்தது. பின்னர் அவருடைய வன்தட்டைச் சோதித்தபோது, அதற்கு முன் இந்தியாவில் நடந்த ஈஎஸ்எல் இந்தியா பிரிமியர்ஷிப் இறுதிச் சுற்றிலும் அவர் கள்ளநிரலை வைத்திருந்தது தெரியவந்தது. அந்த இறுதிச் சுற்றில் வென்றது ஒப்டிக் இந்தியா. அது நடந்துகொண்டிருந்தபோது கள்ளம் பிடிபடவில்லை. மண்டபமும் நடுவர்களும் இருந்தும் நழுவிப்போன ஒன்று, ஷங்ஹாயில் ஒரு மனிதர் மேசைக்கு வந்து 'கையை எடுங்கள்' என்று நின்றபோதுதான் சிக்கியது. போட்டி நடத்துபவர்கள் தடுப்பு மென்பொருளை நிறுவிவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

உண்மையில் நம்பிக்கை தரும் வழி கள்ளனின் கணினியை மேலும் மேலும் துழாவுவதில் இல்லை. எதிரி நிற்கும் இடம் என்ற அந்த இரகசியத்தை அங்கே அனுப்பாமல் விடுவதில் இருக்கிறது. வெலோரண்டின் சேர்வர் ஒவ்வொரு கணமும் யார் யாரைப் பார்க்கக்கூடும் என்று கணக்குப் பார்க்கிறது. எதிரி சுவரின் விளிம்பை நெருங்கும்வரை அவர் இடத்தை மற்றவருடைய கணினிக்குச் சொல்வதே இல்லை. சொல்லாததை எந்த வோல்ஹக்கும் காட்ட முடியாது. ஆனால் பிங் கூடிய ஒருவருக்கு எதிரியின் தகவல் சற்று முன்னதாகவே அனுப்பப்பட வேண்டும். இல்லாவிட்டால் எதிரி திரையில் தோன்றும்போது அவர் ஏற்கெனவே சுடப்பட்டிருப்பார். சேர்வருக்குத் தொலைவில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு எப்போதும் கொஞ்சம் தளர்ந்தே கிடைக்கும். சிங்கப்பூர் சேர்வரைப் பொறுத்தவரை இலங்கை தொலைவில்தான் இருக்கிறது. இந்தத் தீவில் ஒரு சேர்வர் வைக்கப்படுவது வேகத்துக்கு மட்டுமல்ல, நேர்மைக்கும் உதவும்.

சேர்வரில் இருந்தபடி செய்யக்கூடிய இன்னொன்று நடத்தையைக் கவனிப்பது. கள்ளநிரல் எங்கே ஒளிந்திருந்தாலும் அதன் விளைவு ஆட்டத்தில் தெரியத்தான் வேண்டும். மனிதக் கை குறிவைக்கும்போது கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பும், சில முறை பிசகும். எயிம்பொட்டின் கைக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. வால்வ் உருவாக்கிய 'வாக்நெட்' என்ற செயற்கை நுண்ணறிவு, சந்தேகத்துக்குரிய ஆட்டங்களைப் பொறுக்கி அனுபவமுள்ள விளையாட்டாளர்களின் தீர்ப்புக்கு அனுப்பியது. 2018 இல் வால்வ் பொறியியலாளர் சொன்ன கணக்கின்படி, சக விளையாட்டாளர்கள் முறையிட்ட ஆட்டங்களில் 15 முதல் 30 வீதம்தான் குற்றம் என்று தீர்ப்பானது. வாக்நெட் அனுப்பியவற்றில் அது 80 முதல் 95 வீதம். அந்த ஏற்பாட்டிலும் கடைசித் தீர்ப்பு மனிதருடையதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நிதானமாகக் கள்ளம் செய்பவர், அதாவது சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்துவிட்டுப் பாராதவர் போல நடிப்பவர், இந்தக் கண்ணுக்கும் தப்பலாம்.

உள்ளறைக் காவலையும் தாண்டும் வழிகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. கணினிக்குள் செருகும் ஒரு மின்சுற்று அட்டை நினைவகத்தை நேரடியாகப் படித்துப் பக்கத்திலுள்ள இரண்டாவது கணினிக்கு அனுப்பும். கள்ளநிரல் ஓடுவது அந்த இரண்டாவது கணினியில் என்பதால் முதல் கணினியில் தேடினால் ஒன்றும் இருக்காது. திரையில் வரும் படத்தை மட்டும் பார்த்து எதிரியை அடையாளம் கண்டு மௌஸை நகர்த்தும் செயற்கை நுண்ணறிவு நினைவகத்தைத் தொடுவதே இல்லை. முதல் வகையை மறிக்க வன்பொருள் பாதுகாப்பு அமைப்புகளை இயக்கச் சொல்லி விளையாட்டு நிறுவனங்கள் நிர்ப்பந்திக்கின்றன. பழைய கணினி வைத்திருப்பவர் அந்த நிபந்தனையால் வெளியே நிற்க நேர்கிறது.

சில நாடுகள் சட்டத்தை இழுத்திருக்கின்றன. தென்கொரியா 2016 இறுதியில் கள்ளநிரலை உருவாக்கிப் பரப்புவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2021 இல் சீனப் பொலிஸார் டென்சென்ட் நிறுவனத்தின் உதவியோடு 'கோழிக்கால்' என்று பெயர் பெற்ற கும்பலைச் சுற்றிவளைத்துப் பத்துப் பேரைக் கைது செய்தார்கள். கைப்பற்றிய சொத்து 46 மில்லியன் டொலர் மதிப்புடையது, ஆடம்பரக் கார்கள் உட்பட. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைத் தண்டிக்கிறது. விளையாட்டுக் கள்ளநிரலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தன் சொந்தக் கைபேசிக்குள் ஒருவர் நுழைவதை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம்.

புத்தளம் கரையோரத்தில், சிலாபம் முதல் உடப்பு, பாலாவி, கற்பிட்டி வரை, பெரும்பாலான பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி கைபேசிதான். இங்கே நிலைமை கணினியிலிருந்து வேறுபடும். அண்ட்ரொய்டில் ஒவ்வொரு செயலியும் தனி அறையில் பூட்டப்பட்டிருக்கும். கள்ளநிரல் விளையாட்டின் அறைக்குள் போக முடியாது, தடுப்பு மென்பொருளும் கணினியில் போல உள்ளறைக்குள் போக முடியாது. கள்ளம் செய்ய விரும்புபவர் கைபேசியை 'ரூட்' செய்து பூட்டுகளை உடைப்பார், அல்லது கணினியைக் கைபேசி போல நடிக்கவைக்கும் எமுலேட்டர் வைத்து ஆடுவார், அல்லது திருத்தி எழுதிய விளையாட்டை, பிள்ளைகள் 'மொட்' என்று சொல்வதை, இறக்கிக்கொள்வார். எமுலேட்டரில் ஆடுபவர்களைப் பப்ஜி மொபைல் அவர்களுக்குள்ளேயே மோதவிடுகிறது. ரூட் செய்த கைபேசியை அடையாளம் காணக் கூகிளின் சோதனை வசதியைப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. மிக ஆபத்தானது மூன்றாவது. யார் எழுதினார் என்று தெரியாத மொட் கோப்பை நிறுவ, கைபேசியின் பாதுகாப்பை நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரே கைபேசி என்றால், வாப்பாவின் வங்கிச் செயலியும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கமும் அதே கைபேசியில்தான். விளையாட்டில் ஒரு வெற்றிக்காகத் திறந்த கதவு அந்தப் பணத்துக்கும் திறந்த கதவாகிறது.

கணக்குத் தடை போதாது என்று கண்ட நிறுவனங்கள் இப்போது கருவியையே தடை செய்கின்றன. பப்ஜி மொபைல் 22 இலட்சம் கணக்குகளை நீக்கிய அதே வாரத்தில் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளையும் தடை செய்தது. இணைய முகவரியைத் தடை செய்வது கைபேசி வலையமைப்பில் பயன்படாது. ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். கருவித் தடை கள்ளருக்கு உண்மையிலேயே நோகும், ஏனெனில் புதிய கணக்கு இலவசம், புதிய கைபேசி இலவசமல்ல. ஆனால் தடை விழுந்த கைபேசியை அவர் விற்றுவிடக்கூடும். அதைச் சேமித்த காசில் வாங்கும் மாணவன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பான். வெளித் தோற்றத்தில் எந்த அடையாளமும் இராது. செகண்ட் ஹேண்ட் கைபேசி வாங்கும்போது திரை, பற்றரி, கமரா பார்ப்பது போல, விளையாட்டை அந்த இடத்திலேயே நிறுவி ஓர் ஆட்டத்துக்குள் நுழைந்து பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.